ஸ்டார்ட் ஆகாத புல்வெட்டி வண்டி: பேட்டரியா, கார்புரேட்டரா, டேப்பெட்டா, வேறு இன்ஜினா?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் எங்கள் பக்கத்து மண் கொஞ்ச நாளைக்குப் பச்சையாக இருக்கும். வருஷத்தில் அவ்வளவுதான். உடைமரமும் பனையும் மட்டுமே கண்ணில் படுகிற நிலத்தில் முழங்கால் உயரத்துக்குப் புல் நிற்பதைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். வெட்டுகிற வேலை நம் தலையில் விழாதவரை.

உச்சிப்புளியைத் தாண்டி, அரியமான் கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் நாங்கள் ஒரு தங்கும் விடுதி நடத்துகிறோம். இரண்டு ஏக்கர் புல்தரை. அதற்காக, ஏறி உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி ஒன்று வைத்திருக்கிறோம். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி மைதானத்தில் கழித்துக் கட்டியதை விலை பேசி, மினி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தது. ஒற்றை சிலிண்டர், சுமார் 500 சிசி, 17.5 குதிரைத்திறன். ஓடினால் ஒரே காலையில் மொத்தத் தரையையும் வழித்துவிடும். ஓடினால்.

தை முதல் முகூர்த்தத்துக்கு நான்கு நாள் இருந்தது. புல்தரையில் பந்தல் போட்டு வரவேற்பு வைக்க ஆட்கள் முன்பணம் கொடுத்திருந்தார்கள். சாவியைத் திருப்பினேன். ‘டுக்’ என்றது, நின்றது. மறுபடி திருப்பினேன். மறுபடி ‘டுக்’. அன்று சாயங்காலத்துக்குள் எனக்கு ஐந்து யோசனைகள் வந்து சேர்ந்தன. பேட்டரியை மாற்று என்றார் காவல்காரர். கார்புரேட்டரை மாற்று என்றார் டூ வீலர் மெக்கானிக். இன்ஜினையே மாற்று என்று துபாயிலிருந்து போனில் சொன்னார் மச்சான். மதுரைக்கு அனுப்பிவிடு என்றார் அப்பா. ஆடு விடலாமே என்றார் சமையல்கார அக்கா. ஐந்தையும் ஏதோ ஒரு அளவுக்குச் செய்தோ யோசித்தோ பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஆடு உட்பட.

முதலில் பிரித்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ‘ஸ்டார்ட் ஆகவில்லை’ என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது இரண்டு வேறு பிரச்சினை. சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றவே மாட்டேன் என்பது ஒன்று. நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்பது இன்னொன்று. முதலாவதுக்குக் கார்புரேட்டர் வாங்குவதும், இரண்டாவதுக்குப் பேட்டரி வாங்குவதும் வயிற்று வலிக்குக் கண்ணாடி போடுகிற கதை. இதில் உங்களுடையது எது என்று தெரியும்வரை எந்தக் கடைக்கும் போக வேண்டாம்.

சுற்றாத வண்டியிலிருந்து தொடங்குவோம். ஏமாறுகிற இடம் அதுதான்.

என் முதல் ஏமாற்றம் இதற்கு முந்தைய வருஷம் நடந்தது. அப்போதும் செல்ஃப் (இன்ஜினை முதலில் சுற்றிவிடும் மோட்டார்) முனகியது, நின்றது. யோசிக்காமல் ராமநாதபுரம் போய் 4,000 ரூபாய்க்குப் புது பேட்டரி வாங்கி வந்தேன். மாட்டினேன். கொஞ்சம் பலமாக முனகியது, அவ்வளவுதான். பாம்பனிலிருந்து ஒரு அண்ணனை வரவழைத்தோம். வல்லம் என்கிற நாட்டுப்படகின் இன்ஜின், விசைப்படகு இன்ஜின் எல்லாம் பார்க்கிறவர். புல்வெட்டி வண்டியை அதற்கு முன் கிட்டத்தில் பார்த்ததில்லை என்று அவரே சொன்னார். சுற்றி வந்து பார்த்துவிட்டு, “தம்பி, பேட்டரிய மாத்துனியே, எர்த்த பாத்தியா?” என்று கேட்டார்.

பேட்டரியின் நெகடிவ் வயர் வண்டியின் சட்டத்தில் ஒரு போல்ட்டில் இறங்கும். அந்த போல்ட்டைக் கழற்றிக் காட்டினார். மேலே பார்க்க வெறும் பெயிண்டும் தூசியும்தான். அடியில் வயரின் செம்பு முனை முழுக்கப் பச்சைக் களிம்பு. அது உட்காரும் இரும்பு, துரு பிடித்துப் பொரிந்து அப்பளம் மாதிரி எழும்பியிருந்தது. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகடிவ் முனையிலும், மற்றதை இன்ஜினின் வெறும் உலோகத்திலும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னார். 2 வோல்ட்டுக்குமேல் காட்டியது. நல்ல இணைப்பாக இருந்தால் அந்த இடத்தில் 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. 12 வோல்ட்டில் 2 வோல்ட் வழியிலேயே உப்புக்குப் போய்விட்டது.

உப்புத்தாளை எடுத்து இரண்டு பக்கமும் வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்தார். உப்பைச் சுரண்டுகிற தாளுக்கு உப்புத்தாள் என்று பெயர் வைத்தது யாரோ எங்கள் கடற்கரைக்காரராகத்தான் இருக்க வேண்டும். தேய்த்து முடுக்கி, மேலே கிரீஸ் அப்பிவிட்டார். செல்ஃப் உயிர் வந்தது போலச் சுற்றியது. பழைய பேட்டரியை மறுபடி மாட்டிப் பார்த்தோம். அதிலும் அப்படியே சுற்றியது. நான் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

மன்னார் வளைகுடா ஒரு பக்கம், பாக் விரிகுடா ஒரு பக்கம் என்று இரண்டு கடலுக்கு நடுவே இருக்கிறோம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஜன்னல் கம்பியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் அரிப்பு முற்றி, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தி, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தார்கள். பாலத்துக்கே அந்த கதி. புல்வெட்டி வண்டியின் எர்த் போல்ட் எம்மாத்திரம்? மதுரையிலோ கோவையிலோ இருக்கிற ஒருவர் இந்தப் பிரச்சினைக்கு முதலில் பேட்டரியைச் சந்தேகப்பட்டால் தப்பில்லை. இங்கே இருப்பவர் முதலில் சந்தேகப்பட வேண்டியது இணைப்புகளை.

ஆக, புது பேட்டரியா, பழையதைத் தக்கவைப்பதா என்ற கேள்விக்கு மீட்டரே பதில் சொல்லும். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ். 12.4 இருந்தால் பரவாயில்லை. 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி பாருங்கள். சாவியைத் திருப்பும்போது என்ன ஆகிறது என்பதுதான் முக்கியம். வோல்ட் 9-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி சோர்ந்திருக்கிறது, அல்லது இன்ஜின் இறுகியிருக்கிறது. செல்ஃப் முனகும்போதும் 11, 12 என்று அசையாமல் நின்றால் பேட்டரியில் சக்தி இருக்கிறது, போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். எர்த், பேட்டரி டெர்மினல், செல்ஃப்புக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சோலனாய்டு, இந்த மூன்றில் ஒன்று. செல்ஃப் சத்தமே போடாமல் வெறும் அமைதி என்றால் இன்னொன்றையும் பாருங்கள். பிரேக்கை மிதித்திருக்க வேண்டும், பிளேடு அணைந்திருக்க வேண்டும், சில வண்டியில் சீட்டில் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். இதற்கெல்லாம் தனித்தனியாக ஒரு சுவிட்ச் உண்டு. உப்புக் காற்று அவற்றையும் விடாது. அவசரத்துக்கு அவற்றை வயர் போட்டு நேராக இணைத்துவிடுகிறவர்களை எனக்குத் தெரியும். கீழே பிளேடு சுழலும் வண்டியில் அது வேண்டாம். ஸ்பிரே அடித்துச் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் சரியாகும்.

இப்போது இந்தத் தை மாதக் கதைக்கு வருகிறேன். இந்த முறை எர்த் பளபளவென்று இருந்தது. பேட்டரி 12.6. விருந்தாளி ஒருவரின் காரிலிருந்து வயர் எடுத்துப் போட்டும் பார்த்தேன். அப்போதும் ‘டுக்’. பிளேட்டின் எடையைச் செல்ஃப் தூக்க முடியாமல் நிற்கிறதோ என்றுகூட யோசித்தேன். புது செல்ஃப் மோட்டாருக்கு விலை விசாரித்து, பணம் கட்டப் போகிற நேரத்தில் பாம்பன் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் ஒரே வரியில் சொன்னார்: “பிளக்கக் கழட்டிட்டு சுத்திப் பாரு.”

காசு செலவில்லாத இந்தச் சோதனையை ஒவ்வொருவரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். பிளக் வயரை எடுத்து இன்ஜினின் வேறொரு மூலையில் உலோகத்தில் படும்படி கட்டிவிடுங்கள், பிளக்கைக் கழற்றுங்கள், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். அப்போதும் சுற்றாவிட்டால் செல்ஃப்பிலோ இன்ஜினுக்குள்ளேயோ ஏதோ பிடித்திருக்கிறது. துவாரத்திலிருந்து பெட்ரோல் பீய்ச்சி அடித்தால் கதையே வேறு. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஊசி வால்வு ஒழுகி, நின்றிருந்த நாளெல்லாம் சிலிண்டருக்குள் பெட்ரோல் இறங்கியிருக்கிறது. திரவத்தைப் பிஸ்டனால் அமுக்க முடியாது. அதனால்தான் ‘டுக்’. டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தால் ஆயிலில் பெட்ரோல் வாசம் வரும், ஆயில் மட்டமும் ஏறியிருக்கும். அந்த ஆயிலோடு வண்டியை ஓட்டவே கூடாது. ஆயிலை மாற்றி, ஊசி வால்வையும் மாற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

எனக்குப் பெட்ரோல் வரவில்லை. பிளக் இல்லாமல் இன்ஜின் காற்றாடி மாதிரி சுற்றியது. நல்ல பேட்டரி, நல்ல எர்த், பிளக் இல்லாவிட்டால் சுற்றுகிறது, இருந்தால் சுற்றவில்லை. இது நான்கும் சேர்ந்தால் விடை டேப்பெட், அதாவது வால்வின் இடைவெளி.

விஷயம் இதுதான். இவ்வளவு பெரிய ஒற்றை சிலிண்டரின் முழு அழுத்தத்தையும் எதிர்த்துச் சுற்ற அந்தச் சின்னச் செல்ஃப்பால் முடியாது. அதனால் வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம் ஷாஃப்ட்டில் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். மெதுவாகச் சுற்றும்போது மட்டும் வால்வை இம்மியளவு தூக்கிப் பிடித்து, கொஞ்சம் அழுத்தத்தை வெளியே விடும். வேகம் பிடித்ததும் அது ஒதுங்கிக்கொள்ளும். அந்தத் தூக்கல் மிகச் சிறியது. நாளடைவில் வால்வை அமுக்கும் ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே இடைவெளி கூடிவிட்டால், தூக்குகிற தூரம் முழுவதும் அந்த இடைவெளியிலேயே தீர்ந்துபோகும். வால்வு அசையாது, அழுத்தம் குறையாது, செல்ஃப் முட்டி நிற்கும். பார்ப்பவருக்கு அச்சு அசலாகப் பேட்டரி இறங்கிய மாதிரியே தெரியும். இதற்காக எத்தனை பேர் பேட்டரியும் செல்ஃப்பும் மாற்றியிருப்பார்களோ.

வேலை ஒரு மணி நேரம். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். வால்வு மூடியைக் கழற்றி, இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலைக்குப் பிஸ்டனை மேலே கொண்டுவந்து, உச்சியைத் தாண்டி 6 மில்லிமீட்டர் அளவுக்கு இறக்கி நிறுத்தினோம். பிளக் துவாரத்தில் ஒரு ஸ்ட்ராவை விட்டுப் பார்த்தால் பிஸ்டன் இறங்குவது தெரியும். என் இன்ஜினுக்குக் கையேடு சொல்லும் இடைவெளி, காற்று உள்ளே வரும் வால்வுக்கு 0.08 முதல் 0.13 மில்லிமீட்டர், புகை வெளியே போகும் வால்வுக்கு 0.13 முதல் 0.18. உங்கள் இன்ஜினுக்கு வேறாக இருக்கும், அதன் கையேட்டைப் பாருங்கள். அண்ணன், இடைவெளி அளக்கும் தகடுகள் கோத்த ஃபில்லர் கேஜில் 0.30 தகட்டை எடுத்துக் காற்று வால்வில் நுழைத்தார். உரசாமல் உள்ளே போய்விட்டது. வல்லத்து டீசல் இன்ஜினுக்கு டேப்பெட் வைத்துப் பழகிய கை. நட்டை இளக்கி, 0.10 தகடு வெண்ணெயில் கத்தி இழுக்கிற மாதிரி நகரும்வரை திருகி, பூட்டினார். பிளக்கை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

ஃபில்லர் கேஜ் முந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். செல்ஃப் மோட்டாருக்கு நான் கேட்ட விலையை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

இரண்டாவது வகை, நன்றாகச் சுற்றிப் பிடிக்காத வண்டி. இதைச் சீக்கிரம் சொல்லி முடிக்கலாம், ஏனென்றால் பத்துக்கு எட்டு முறை பெட்ரோல்தான் காரணம் என்பது என் எண்ணம். பத்து நொடி சுற்றிவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் தீப்பொறி வரவில்லை, அல்லது சோக்கை அதிகம் இழுத்து மூழ்கடித்துவிட்டோம். துடைத்து, இடைவெளியை 0.76 மில்லிமீட்டருக்கு வைத்து, அல்லது புது பிளக் போட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. அப்போது கார்புரேட்டரின் அடிப்பாகத்தில் பெட்ரோலைத் திறந்துவிடும் இன்னொரு சோலனாய்டு இருக்கும், அதில் காதை வைத்து, யாரையாவது சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். ‘கிளிக்’ கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அதற்கு மின்சாரம் போகவில்லை, அல்லது அது பிடித்துக்கொண்டது. எங்களுக்கு ஒருமுறை குளவி, டேங்க் மூடியின் காற்றுத் துவாரத்தில் மண் வைத்து அடைத்துவிட்டது. ஸ்டார்ட் ஆகும், ஐந்து நிமிஷத்தில் நிற்கும், மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்று இழுக்கும், மறுபடி ஓடும். பேய் பிடித்த வண்டி என்று காவல்காரர் பெயர் வைத்துவிட்டார்.

கார்புரேட்டரைச் சுத்தம் செய்வதா, மாற்றுவதா? அடிக்கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். உள்ளே வார்னிஷ் மாதிரி பழுப்பு ஒட்டல் மட்டும் என்றால் சுத்தம் செய்தாலே போதும். பெட்ரோல் வரும் சின்ன ஓட்டையுள்ள ஜெட்டைக் கழற்றி, மின்சார வயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவி ஓட்டையைக் குத்துங்கள். இரும்பு ஊசி வேண்டாம், ஓட்டை பெரிதாகிவிடும். கிண்ணத்தில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி பூத்து, உலோகம் குழி விழுந்திருந்தால் மாற்றிவிடுவது நல்லது. குழி விழுந்ததைச் சுத்தம் செய்தால் இரண்டு மாதத்தில் மறுபடி வரும். இணையத்தில் விற்கும் மலிவு கார்புரேட்டரை நான் ஒருமுறை போட்டேன். ஓடியது, ஆனால் சோக்கைத் தள்ளியதும் இருமியது. பழையதையே அண்ணன் சுத்தம் செய்து மாட்டிக்கொடுத்தார்.

2025-லிருந்து பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். என் இன்ஜினின் கையேடு 10 சதவீதம் வரைதான் அனுமதிக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், எங்கள் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. வண்டியோ வருஷத்தில் எட்டு மாதம் சும்மா நிற்கிறது. வேறு வழி தெரியாததால் நான் செய்வது இது: ஒரு தடவைக்கு வேண்டிய பெட்ரோல் மட்டும் ஊற்றுவேன். குழாயில் ஒரு பெட்ரோல் காக் பொருத்தியிருக்கிறேன். வேலை முடிந்ததும் காக்கை மூடி, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுவேன். அதற்குப் பிறகு கார்புரேட்டரைக் கழற்ற வேண்டி வரவில்லை.

அப்புறம் பெரிய முடிவுகள். வேறு இன்ஜின் போடலாம் என்பது மச்சானின் யோசனை. உள்ளூரில் தண்ணீர் இறைக்கும் பெட்ரோல் இன்ஜின்கள் மலிவாகக் கிடைக்கின்றனவே, அதில் ஒன்றைத் தூக்கி வைத்தால் என்ன என்றார். அந்த இன்ஜின்களின் ஷாஃப்ட் படுத்திருக்கும். இந்த வண்டிக்கு ஷாஃப்ட் நட்டுக்குத்தலாகக் கீழே இறங்க வேண்டும், அதில்தான் பிளேட்டுக்கும் சக்கரத்துக்கும் பெல்ட் ஓடுகிறது. பொருந்தவே பொருந்தாது. அதே வகை இன்ஜின் வாங்குவதென்றால் ஷாஃப்ட்டின் தடிமன், நீளம், போல்ட் துவாரம் எல்லாம் ஒத்துப்போக வேண்டும், வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும். பிஸ்டன் ரிங் தேய்ந்து, நீலப் புகை கக்கி, பிளக்கில் ஆயில் படிந்து, ஆயில் மட்டமும் அடிக்கடி குறைந்தால் மட்டுமே அந்தப் பேச்சை எடுங்கள். அதிலும் முதலில் சிலிண்டருக்கும் அதன் தலைக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட்டைப் பார்த்துவிடுங்கள். அது ஊதிப்போனாலும் இதே அறிகுறிகள்தான், செலவு பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்து “அழுத்தம் இல்லை, இன்ஜின் போச்சு” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மேலே சொன்ன அந்த அழுத்தம் குறைக்கும் ஏற்பாட்டால் நல்ல இன்ஜினிலும் கேஜ் குறைவாகத்தான் காட்டும்.

மதுரைக்கு அனுப்புவதில் எனக்குச் சம்மதமில்லை. போக வர வண்டி வாடகையே ஒரு பழுதுபார்ப்புச் செலவு. போன இடத்தில் கடல் காற்றின் குணம் தெரியாதவர் நான் செய்ததைத்தான் செய்வார்: பேட்டரியை மாற்றி அனுப்புவார். படகு இன்ஜின் பார்க்கிறவர் புல்வெட்டி வண்டியைப் பார்த்திருக்கமாட்டார், ஆனால் உப்பைப் பார்த்திருப்பார், டேப்பெட்டைப் பார்த்திருப்பார். என் ஓட்டு அவருக்குத்தான். நாள் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையேறி நிற்கும், மெக்கானிக் எல்லோரும் அவற்றின் அடியில் இருப்பார்கள். உங்கள் புல்லுக்காக ஒருவரும் தலையை வெளியே நீட்டமாட்டார்கள்.

அரை ஏக்கருக்குக் குறைவான இடமென்றால் இந்தத் தலைவலியே வேண்டாம், தோளில் மாட்டும் புல்வெட்டி ஒன்று போதும். ஓராள் ஒரு நாளில் முடிப்பார். இரண்டு ஏக்கருக்கு அது முதுகை ஒடிக்கும். ஆடு விட்டும் பார்த்தோம். புல்லைப் பாதி மேய்ந்தது, செம்பருத்தியை முழுசாக மேய்ந்தது. விருந்தாளி ஒருவரின் தொப்பியையும் மேயப் பார்த்தது.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் தரை முழுக்க வெட்டி முடிந்தது. வண்டியில் இப்போதும் அந்த 4,000 ரூபாய்ப் பேட்டரிதான் இருக்கிறது. செத்துவிட்டது என்று நான் கழற்றிப் போட்ட பழைய பேட்டரியைப் பாம்பன் அண்ணன் சும்மா வாங்கிக்கொண்டு போனார். இரண்டாவது வருஷமாக அவர் மச்சினனின் வல்லத்தில், ராத்திரி வலை இழுக்கும்போது பல்பு எரிக்கிறது.